மேல் ரொட்டி இல்லாத சாண்ட்விச்

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே உணவை வைத்தால் அது சாண்ட்விச். ஒரே துண்டின் மேல் உணவைப் பரப்பி, மூடாமல் விட்டுவிட்டால்? அதையும் 'திறந்த சாண்ட்விச்' என்றே மேல்நாட்டார் அழைக்கின்றனர். 'நடு' என்பதே இல்லாத ஒன்றுக்கு இப்பெயர் எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதையொத்த வழக்கு ஒன்று வந்தது. மெக்சிகோ உணவான 'புரிட்டோ' சாண்ட்விச்சா, இல்லையா? சாண்ட்விச்சுக்கு இரண்டு துண்டு ரொட்டியாவது வேண்டும்; புரிட்டோவோ ஒரே ரொட்டியில் சுருட்டப்படுவது; ஆகவே அது சாண்ட்விச் அன்று என்றார் நீதிபதி. அவர் கணக்குப்படி திறந்த சாண்ட்விச்சும் தள்ளுபடிதான்!

இது வெறும் சொல் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒரே ரொட்டியின் மேல் இறைச்சி வைத்துப் பொட்டலமிட்டால், அதைச் சோதிப்பது வேளாண்மைத் துறை. இன்னொரு துண்டால் மூடிவிட்டால், பொறுப்பு உணவு மருந்து நிர்வாகத்துக்குப் போய்விடுகிறது. முன்னதற்குத் தினசரிச் சோதனை, பின்னதற்கு எப்போதோ ஒருமுறை என்று அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகமே குறை கூறியிருக்கிறது. இறைச்சி அதே இறைச்சி. மேலே ரொட்டி இருக்கிறதா என்று கிருமி பார்ப்பதில்லை.

எனவே, துண்டுகளை எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ரொட்டி என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். டென்மார்க் மக்களின் 'ஸ்மோர்ப்ரோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 'வெண்ணெய் ரொட்டி' என்பதே அப்பெயரின் பொருள். ரை என்னும் தானியத்தில் செய்த, அடர்த்தியான ரொட்டி. பாரம் தாங்கும், எளிதில் வளையாது. அதன் மேல் விளிம்புவரை வெண்ணெய் பூசுகிறார்கள். கொழுப்பு நீரோடு கலவாது அல்லவா? அதனால் மேலே வைக்கும் மீன், முட்டை ஆகியவற்றின் ஈரம் ரொட்டிக்குள் இறங்கி அதை நமுக்க வைப்பதில்லை. மூடிய சாண்ட்விச்சை விரல்களால் அழுத்திப் பிடிக்கிறோம். அந்த அழுத்தத்தால் எழும் உராய்வு உள்ளிருப்பதை நழுவாமல் காக்கிறது. ஸ்மோர்ப்ரோவில் அழுத்துவதற்கு மேல் ரொட்டி ஏது? உணவு தன் எடையாலேயே அமர்ந்திருக்கிறது. ஆகவேதான் தட்டில் வைத்து, கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்கிறார்கள்.

இதிலிருந்து நான் கண்ட வரையறை இது: தலைகீழாகக் கவிழ்த்தால் மேலிருப்பது விழுந்துவிட வேண்டும், அதுவே திறந்த சாண்ட்விச்.

வகுப்பில் இதைச் சற்றுப் பெருமையுடன் சொன்னேன். "ஜாம் தடவிய ரொட்டியைக் கவிழ்த்தால் ஜாம் விழாதே, சார்!" என்றாள் ஒரு மாணவி. ஒட்டும் பண்பை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. வரையறையை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.