சுடர் அணைவதற்குள் ஒரு ஸ்வெட்டர்

2006 பிப்ரவரி 10. இத்தாலியின் டூரின் நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில், பல ஊர்களில் தொலைக்காட்சிக்கு முன் கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக உட்கார்ந்திருந்தவர்கள் முதல் கண்ணியை ஊசியில் ஏற்றினார்கள். அதற்கு முன் ஒரு கண்ணிகூட ஏற்றக் கூடாது. பிப்ரவரி 26 அன்று டூரினில் சுடர் அணைவதற்குள் எடுத்த வேலை முடிந்திருக்க வேண்டும். கையில் இருப்பது 16 நாள். டொரண்டோவைச் சேர்ந்த எழுத்தாளர் ஸ்டெஃபனி பேர்ல்-மெக்ஃபீ விடுத்த அழைப்பு அது. 4,000-க்கும் மேற்பட்டோர் களத்தில் இறங்கினார்கள்.

எதைப் பின்னுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் அது அவரவர் கைத்திறனுக்கு ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்பதுதான் விதி. நேற்று ஊசி பிடித்தவருக்கு ஒரு மஃப்ளரே மலை. நாற்பது ஆண்டு பின்னியவருக்கோ நார்வே பாணியில் இரண்டு வண்ண நூல் கோத்து வரும் ஸ்வெட்டர்தான் சவால். மாதிரித் துண்டை மட்டும் முன்கூட்டியே பின்னிப் பார்க்கலாம். அது பயிற்சிக் கணக்கில் சேரும்.

பொழுதுபோக்குக்கு எதற்குக் கெடு என்று கேட்பவர்கள் உண்டு. மனம் அமைதியாகட்டும் என்று செய்கிற வேலையில் பந்தயம் எதற்கு? கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அதற்குள் ஓர் இளக்காரம் ஒளிந்திருக்கிறது. கைப்பின்னல் என்பது பேச்சுக்கு நடுவே, எப்போது முடிந்தாலும் சரி என்று நடக்கிற காரியம்; ஆகவே அது வேலையே அல்ல என்ற நினைப்பு அது. தேதி குறித்துக்கொண்டு கடினமான ஒரு பின்னலில் இறங்குகிறவர் முதலில் உடைப்பது இந்த நினைப்பைத்தான்.

கணக்குப் போட்டால் விளங்கும். நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை என்று வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்றளவு 100 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 200 கண்ணி. உடல் பாகம் 60 செ.மீ. உயரம் என்றால் 168 சுற்று. உடலுக்கு மட்டும் 33,600 கண்ணி ஆகிறது. இரண்டு கைகளையும் சேர்த்தால் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 20 கண்ணி வீதம் பின்னினால் ஏறத்தாழ 43 மணி நேரம். 16 நாளில் முடிக்க வேண்டுமானால் சமையல், அலுவலகம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாவற்றுக்கும் இடையே தினமும் இரண்டே முக்கால் மணி நேரத்தை ஒதுக்கியாக வேண்டும். இது ஒரே நிறத்தில், வேலைப்பாடே இல்லாத ஸ்வெட்டருக்கான கணக்கு. வண்ணப் பூவேலையோ முறுக்குப் பின்னலோ சேர்ந்தால் கை இன்னும் மெதுவாகும்.

நெதர்லாந்தின் மிரியம் தேகல்ஸ் 2006-ல் ஒரே நிமிடத்தில் 118 கண்ணி பின்னி உலக சாதனை படைத்தார். அந்த வேகம் பிரமிக்க வைப்பதுதான். ஆனாலும் கெடுவை வெல்வது கைவேகம் அல்ல. முதல் நாளிலேயே அவசரப்படாமல் மாதிரித் துண்டை அளந்து பார்க்கிற பொறுமை. 10 செ.மீ.க்கு 20 கண்ணி வர வேண்டிய இடத்தில் 22 விழுந்தால், பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதே 200 கண்ணி இப்போது 100 செ.மீ. அல்ல, 91 செ.மீ.தான். தம்பிக்கென்று தொடங்கிய ஸ்வெட்டர் தம்பி மகனுக்குப் போய்ச் சேரும். நேரம் இல்லை என்று மாதிரித் துண்டைத் தவிர்க்கிறவர்கள்தான் பத்தாவது நாளில் மொத்தத்தையும் பிரித்துவிட்டு முதல் கண்ணியிலிருந்து தொடங்குகிறார்கள்.

தவறு நேர்ந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் தேர்ச்சி முழுதாகத் தெரியும். அயர்லாந்தின் ஆரன் தீவுகளின் பெயரால் அறியப்படும் ஸ்வெட்டர்களில் கயிறு திரித்ததுபோல முறுக்குகள் மேலேறிப் போகும். எட்டுக் கண்ணிகளில் முதல் நான்கைச் சிறிய தனி ஊசியில் எடுத்து முன்பக்கம் நிறுத்துவார்கள். அடுத்த நான்கைப் பின்னிவிட்டு, நிறுத்தியவற்றைப் பிறகு பின்னுவார்கள். முன்னால் நிறுத்தினால் முறுக்கு இடப்பக்கம் சாயும். பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம். தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை முன்னுக்குப் பதில் பின்னால் நிறுத்திவிட்டு, இருபது வரிசை மேலே போன பிறகு மறுநாள் காலை வெளிச்சத்தில் அது கண்ணில் படுகிறது.

இருபது வரிசையையும் பிரித்தால் 4,000 கண்ணி போகும். திரும்பப் பின்ன மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். தேர்ந்தவர் அப்படிச் செய்வதில்லை. முறுக்குக்குரிய எட்டுக் கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிடுவார். மற்ற 192 கண்ணியும் ஊசியிலேயே இருக்க, அந்த எட்டும் ஏணிப்படிபோல வரிசை வரிசையாகக் கீழே அவிழ்ந்து இறங்கும். பிழை நேர்ந்த வரிசையில் நிறுத்தி, முறுக்கைச் சரியாகப் போட்டு, தொங்கும் ஒவ்வொரு படி நூலையும் எடுத்து இரண்டு சிறு ஊசிகளால் மேலே பின்னிக்கொண்டு வருவார். 160 கண்ணியோடு காரியம் முடிந்தது. நல்ல துணியின் நடுவே வேண்டுமென்றே ஒரு பள்ளத்தைத் திறக்க நெஞ்சுரம் வேண்டும். அதுவும் கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது.

ஓட்டை ஓட்டையாக வரும் மெல்லிய சால்வைப் பின்னலில் இந்த வித்தை எளிதில் பலிக்காது. அங்கே ஒரு கண்ணி நழுவினால் பக்கத்துக் கண்ணிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்காகவே பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒருமுறை, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் வழவழப்பான வேறொரு நூலைக் கோத்து விட்டுவிடுவார்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற இழைகூட இதற்கு உதவும். உயிர்க்கயிறு என்றே அதற்குப் பெயர். மேலே எது அவிழ்ந்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும். அதைக் கோப்பதற்குச் செலவிடும் பத்து நிமிடத்தைக் கெடு நெருங்கும்போது விட்டுவிடத் தோன்றும். விடாதவர்களே நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

கடைசிக் கண்ணியை முடித்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. தொங்கும் நூல்முனைகளை உள்ளே செருக வேண்டும். தண்ணீரில் நனைத்து, துண்டில் ஒற்றி எடுத்து, அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். கம்பளி காய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். எனவே 16 நாள் என்பது உண்மையில் 14 நாள்தான்.

கெடு வைத்துக் கைத்திறனைச் சோதிப்பது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதியில் பின்னல் என்பது ஆண்களின் கைவினைஞர் சங்கங்கள் கட்டிக்காத்த தொழில். ஆண்டுக்கணக்கில் வேலை கற்று, ஊர் ஊராகப் போய்த் தேறிய பிறகும் ஒருவர் தன்னை ஆசான் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 13 வாரத்துக்குள் தொப்பி, காலுறை, மேல்சட்டை ஆகியவற்றோடு, பூவும் உருவங்களும் நிறைந்த பெரிய விரிப்பு ஒன்றையும் கையாலேயே பின்னிச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட விரிப்புகளில் ஒன்று, 1781 என்று ஆண்டு குறிக்கப்பட்டது, லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பைபிளில் வரும் யாக்கோபு கண்ட கனவு அதில் பல வண்ணக் கம்பளியில் விரிகிறது. அதைப் பின்னியவரிடம் போய்ப் பொழுதுபோக்கு என்ற சொல்லைச் சொல்லியிருக்க முடியுமா?

இங்கிலாந்தின் நியூபரியில் ஒரு பந்தயமே நடந்தது. ஆட்டின் முதுகில் இருக்கும் ரோமம், சூரியன் உதித்து மறைவதற்குள் மனிதன் போடும் கோட்டாக முடியுமா என்று 1,000 கினிக்குப் பந்தயம் கட்டினார் சர் ஜான் த்ராக்மார்ட்டன். 1811 ஜூன் 25 காலை 5 மணிக்கு, ஆலை நடத்திய ஜான் காக்ஸெட்டரின் ஆட்கள் இரண்டு ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தார்கள். நூற்று, நெய்து, சாயமிட்டு, தைத்து மாலை 6.20-க்குக் கோட் தயார். எடுத்துக்கொண்டது 13 மணி 20 நிமிடம். அது தறியில் நெய்த துணி. அதையே பின்னலில் செய்து பார்க்கும் போட்டி பிற்காலத்தில் வந்தது. எட்டுப் பேர் கொண்ட குழு ஆட்டுக்கு ரோமம் கத்தரித்து, கையால் நூற்று, கையால் ஸ்வெட்டர் பின்னி முடிக்க வேண்டும். 2004-ல் ஆஸ்திரேலியாவின் மெரிவா ஜம்பக்ஸ் குழு அதை 4 மணி 51 நிமிடம் 14 விநாடியில் முடித்தது.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கெடுவை யார் வைக்கிறார்கள்? ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளின் பெண்கள், மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடக் கூடிய அளவுக்கு மெல்லிய சால்வைகளைப் பின்னியவர்கள். 1872-ல் அங்கே நடந்த அரசு விசாரணையில் அந்தப் பெண்கள் சொன்னது வேறு கதை. பின்னிக் கொடுத்ததற்கு வியாபாரிகள் காசு தருவதில்லை. தேயிலையும் துணியும்தான் கூலி. ரொக்கம் வேண்டுமென்றால் அந்தத் தேயிலையை விற்றுத் தேடிக்கொள்ள வேண்டும். திருப்பூரில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு ஷிப்மென்ட் தேதி என்றால் என்னவென்று தெரியும். கப்பலைத் தவறவிட்டால் சரக்கு விமானத்தில் போக வேண்டும், செலவு தலையில் விழும் என்ற பயம் கம்பெனி வாசலிலிருந்து தையல் மெஷின் வரை இறங்கும். வாங்குபவர் வைக்கிற கெடு உடம்பை வாட்டுகிறது. அதையும், ஒருவர் தன் கைக்குத் தானே வைத்துக்கொள்கிற கெடுவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தானே வைத்துக்கொள்பவருக்கு மணிக்கட்டு வலித்தால் ஊசியைக் கீழே வைக்க உரிமை இருக்கிறது. தோற்றாலும் ஸ்வெட்டர் அவருடையது.

டூரினில் தொடங்கிய வழக்கம் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது இன்னும் பெரிதானது. பின்னுகிறவர்கள் இணையத்தில் கூடும் இடமான ராவெல்ரி அதை எடுத்து நடத்தியது. ராவெலிம்பிக்ஸ் என்று பெயர். 2012 லண்டன் போட்டிக்குச் சில வாரங்கள் இருந்தபோது அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியிலிருந்து வக்கீல் கடிதம் வந்தது. ஒலிம்பிக் என்ற சொல்லின் மீது அந்த நாட்டில் கமிட்டிக்குச் சட்டப்படி தனி உரிமை உண்டு. பெயரை மாற்றச் சொன்னதோடு கடிதம் நின்றிருந்தால் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. இப்படி ஒரு பின்னல் போட்டியை நடத்துவது ஒலிம்பிக்கின் மாண்பைக் குறைக்கிறது, ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுக்கும் விளையாட்டு வீரர்களை அவமதிக்கிறது என்ற பொருள்படவும் அதில் எழுதியிருந்தார்கள்.

அப்போது ராவெல்ரியில் இருந்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். கொதித்துப் போனார்கள். கமிட்டி மன்னிப்புக் கேட்டது. அதே மூச்சில், நம் வீரர்களுக்காகக் கையால் ஏதாவது பின்னி அனுப்புங்கள், லண்டனுக்கு எடுத்துச் செல்கிறோம் என்றும் சொன்னது. மதிப்பில்லாத வேலை என்று கடிதம் எழுதியவர்கள் அதே வேலையை இலவசமாகக் கேட்கிறார்கள் என்று கோபம் இரட்டிப்பானது. இரண்டாவது முறையும் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வேண்டும்போது அன்பளிப்பு, மற்ற நேரத்தில் வெட்டி வேலை: கைவேலை செய்யும் பெண்கள் எந்த ஊரிலும் கேட்டுப் பழகிய கணக்கு இது. இந்தக் கணக்கை மாற்றாமல் அந்த வேலையைப் பாராட்டுவதில் அர்த்தம் இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021-ல் டோக்கியோவில் பிரிட்டனின் டாம் டேலி 10 மீட்டர் மேடையிலிருந்து குதிக்கும் இருவர் பிரிவில் மேட்டி லீயுடன் தங்கம் வென்றார். சில நாள் கழித்துப் பெண்களின் டைவிங் இறுதிப் போட்டியைப் பார்க்க வந்தவரைக் கேமராக்கள் தேடிப் பிடித்தன. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். பதக்கத்தில் கீறல் விழக் கூடாது என்று அதற்கு ஓர் உறை பின்னியிருந்தார். ஒரு பக்கம் பிரிட்டன் கொடி, மறுபக்கம் ஜப்பான் கொடி. போட்டிகள் முடிவதற்குள் ஒரு கார்டிகனையும் முடித்துக் காட்டினார். டோக்கியோ என்று ஜப்பானிய எழுத்தில் அதில் வேலைப்பாடு செய்திருந்தார். மனத்தை ஒருநிலைப்படுத்த இதுதான் தனக்கு உதவியது என்று வெளிப்படையாகவே சொன்னார். பின்னல் எந்த வீரரையும் சிறுமைப்படுத்தவில்லை என்பதற்கு ஒலிம்பிக் அரங்கத்துக்குள்ளிருந்தே, ஓர் ஒலிம்பிக் சாம்பியனின் கையிலிருந்தே பதில் வந்தது.

2024-ல் பாரிஸ் தொடக்க விழாவின்போதும் வீடுகளில் முதல் கண்ணிகள் ஏறின. நிறைவு விழாவுக்குள் முடிப்பதற்காக இரவு விளக்குகள் எரிந்தன. இப்போது அதற்கு ராவெலெனிக் விளையாட்டுகள் என்று பெயர். 2012-ல் பறிபோன பழைய பெயர் இன்னும் திரும்பவில்லை.