மாதர் பகுதி: துணியிலே தளிர்க்கும் இலை

தமிழிலே ‘தையல்’ என்ற சொல் ஊசி வேலையையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். புள்ளிருக்குவேளூரில் அம்பிகையின் திருநாமம் தையல்நாயகி. அறுபத்துநான்கு கலைகளை வகுத்த முன்னோர் ஊசி வேலைக்கும் அவற்றுள் ஓரிடம் கொடுத்தனர். அத்தகைய கலை, புலம்பெயர்ந்த வீடுகளிலே தாயின் கையோடு நின்றுவிடலாகாது. விடுமுறை நாளில் தாயும் மகளும் சேர்ந்திருந்து பழகக்கூடிய தையலொன்று இம்முறை தரப்படுகிறது.

இதனை நெய்த இலைத் தையல் எனலாம். ஆங்கிலத்தில் ‘வோவன் பிக்கோட்’ என்பர். சாதாரண இலைத் தையல் துணியோடு படிந்து கிடக்கும். இதுவோ அடியில் மட்டும் ஒட்டி, நுனி விடுபட்டு, மெய்யான இலைபோல எழுந்து நிற்கும்.

தேவையானவை: வளையத்தில் இறுக்கிய பருத்தித் துணி, முறுக்குள்ள 8ஆம் இலக்கப் பேர்ள் நூல், ஊசி, நீளமான குண்டூசி. ஸ்டாலின்கிராட்டில் 2ஆம் இலக்க மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது தரிப்பு ஆன்வேர். அதனருகே சென் பியேர் துணிச் சந்தை இருக்கிறது.

செய்முறை: இலையின் அடிக்கு 1 செ.மீ. இடைவெளியில் இரு புள்ளிகளும், அவற்றின் நடுவே ஒரு புள்ளியும் இடவும். நடுப்புள்ளிக்கு நேரே 2 செ.மீ. மேலே நுனிப்புள்ளி. குண்டூசியை நுனிப்புள்ளியில் இறக்கி, அடிக்குக் கீழே வெளியே எடுக்கவும். ஒரு மீட்டர் நூலை இடது புள்ளியில் மேலே எடுத்து, குண்டூசித் தலையின் கீழாகச் சுற்றி, வலது புள்ளியில் இறக்கவும். பின் நடுப்புள்ளியில் எடுத்து, மீண்டும் தலையைச் சுற்றவும். இப்போது மூன்று பாவு நூல்கள் கிடைக்கும்.

இனி நெசவுதான். நுனியிலிருந்து, போகும்போது கீழ், மேல், கீழ். திரும்பும்போது மேல், கீழ், மேல். ஊசியின் காதுப்புறத்தை முன்னே விட்டால் துணியும் நூலும் குத்துப்படா. ஒவ்வொரு வரிசையையும் நுனிப்பக்கமாக நெருக்கவும். அடிவரை நெய்தபின் நூலைப் பின்புறம் இறக்கி முடிந்து, குண்டூசியை உருவவும். இலை எழும்.

பழகுவோர் பெரும்பாலும் நூலை இழுத்து இறுக்கிவிடுவர். இலை இடுப்பொடுங்கிப் போகும். நெருக்கம் நுனிநோக்கி இருக்கவேண்டும், பக்கவாட்டில் இழுக்கலாகாது. நூல் நடுவில் தீர்ந்தால் ஒட்டுத் தெரியும். ஆகவே போதிய நீளத்துடன் தொடங்கவும்.

ஒரே அடியிலிருந்து மூன்று இலைகள் நெய்தால் வில்வதளம். வரிசையாக நெய்தால் நவராத்திரிக் கொலுவுக்கு வாடாத மாவிலைத் தோரணம்.

இது பொழுதுபோக்கு மட்டுமன்று. பாரிஸின் புகழ்பெற்ற லெசாஜ் எம்பிராய்டரி இல்லம் 1924இல் தொடங்கியது. 1992இல் பள்ளியும் திறந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜான் பிரான்சுவா லெசாஜ் 1993இல் சென்னையிலே ‘வஸ்த்ரகலா’வை நிறுவினார், தமிழ்நாட்டுக் கைகளின் வேலையைப் பிரான்ஸ் விரும்பி வாங்குகிறது. லெசாஜ் பள்ளி இன்று போர்ட் டொபெர்வில்லியேயில், லாச்சப்பலுக்குச் சற்று வடக்கே நடைபெறுகிறது. அரசாங்கத் தொழிற்கல்வியிலும் எம்பிராய்டரிக்குச் சான்றிதழ் உண்டு. ஊசி பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இவ்வூரில் அதுவும் ஒரு வழி. படிப்பில் மனம் செல்லாத பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அதன் கைத்திறனையும் பெற்றோர் ஒருமுறை பார்க்கட்டும்.

முதல் இலை கோணலாகத்தான் வரும். பத்தாவது இலை நேராகும்.