'அவனுங்க ஒடம்பு வாகு அப்படி': கூடைப்பந்துக்குள் ஒளிந்திருக்கும் பிறவிக் கோட்பாடு

ஆப்பிரிக்க அணி ஒன்று உலக அரங்கில் ஜெயித்தால் நம் ஊரில் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுதான்: "அவனுங்க ஒடம்பு வாகு அப்படி." இந்தியா தோற்றால் அதே வாய் சொல்லும்: "நம்ம ஜீன் அப்படி." நெல்லித்தோப்பு டீக்கடையிலும் இதைக் கேட்டிருக்கிறேன், ஆய்வு மாணவர் விடுதியிலும் கேட்டிருக்கிறேன். பாராட்டு போலத் தெரிகிற இந்தப் பேச்சு, திறமை பிறப்பிலேயே வருகிறது என்னும் வருணக் கோட்பாட்டின் விளையாட்டுப் பதிப்பு.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆண்கள் கூடைப்பந்து அணிகளை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்கா நைஜீரியாவை 156-73 என்று நசுக்கியது. 83 புள்ளி வித்தியாசம். 2021 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அதே நைஜீரியா, கெவின் டூரண்ட் ஆடிய அமெரிக்க அணியை 90-87 என்று வீழ்த்தியது. ஒன்பது ஆண்டுகளில் நைஜீரியர்களின் உடம்பா மாறிவிட்டது? என்.பி.ஏ.யில் ஆடுகிற வீரர்கள் அணியில் பெருகியிருந்தார்கள். என்.பி.ஏ. அணிகளைப் பயிற்றுவித்த மைக் பிரவுன் பயிற்சியாளராக வந்திருந்தார். அடுத்த சில வாரங்களில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் நைஜீரியா தோற்றது. வெற்றிக்குக் காரணமான 'உடம்பு' அப்போது எங்கே போயிருந்தது?

செனகல் நமக்கு இன்னும் நெருக்கமான கதை. புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஊர் நீலத் துணி கப்பலேறி செனகலுக்குப் போய், அங்கே பணம் போலவே புழங்கியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் கூடைப்பந்தில் இரண்டு நாடுகளும் ஆடின. பல நாடுகள் புறக்கணித்ததால்தான் இந்தியாவுக்கு அந்த இடமே கிடைத்தது. மொத்தம் 12 அணிகள். செனகல் 11ஆவது, இந்தியா 12ஆவது. அதன்பிறகு இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கூடைப்பந்துக்குப் போகவே இல்லை; உலகக்கோப்பையில் ஒருமுறைகூட ஆடியதில்லை. செனகலோ 2014 உலகக்கோப்பையில் போர்ட்டோ ரிக்கோவையும் குரோஷியாவையும் வென்று கடைசி 16 அணிகளுக்குள் வந்தது. அந்த அணியின் தூணாக இருந்த கோர்கி ஜெங், தியேஸ் நகரத்தில் உள்ள பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர். படிப்பையும் பந்தையும் சேர்த்துத் தருகிற 'சீட்' என்னும் அமைப்பின் கூடம் அது. 1998இல் அமது காலோ ஃபால் தொடங்கியது.

கேப் வெர்டியின் மக்கள்தொகை சுமார் 5 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி நம் ஒன்றியப் பிரதேசத்தில் 12 லட்சத்துக்கும் மேல். நம்மில் பாதிகூட இல்லாத அந்தத் தீவு நாடு 2023 உலகக்கோப்பையில் ஆடியது; வெனிசுவேலாவை 81-75 என்று வென்றது. அதன் நட்சத்திரம் எடி டவாரெஸ் ஏழடிக்கும் மேல் உயரம். பிறவி உயரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதின்ம வயது முடியப்போகிற வரை அவர் கூடைப்பந்தே ஆடியதில்லை. ஸ்பெயினின் கிரான் கனாரியாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி தற்செயலாகப் பார்த்துச் சொன்னதால் அங்குள்ள கிளப் அவரை அழைத்துக்கொண்டது. அந்தப் பயணி வராமல் போயிருந்தால்? உயரம் இருந்திருக்கும், ஆட்டக்காரர் இருந்திருக்க மாட்டார்.

'உடம்பு வாகு' பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1910இல் பிரெஞ்சுத் தளபதி சார்லஸ் மான்ஜான், கறுப்பின மக்களின் நரம்பு மண்டலம் வளர்ச்சி குன்றியது, அதனால் வலி குறைவாகத் தெரியும் என்று எழுதினார். ஆப்பிரிக்கர்களைப் போரின் முன்வரிசைக்கு அனுப்ப அது வசதியான 'அறிவியல்'. இங்கேயும் அதே வசதி. சேற்றுக்கும் சாக்கடைக்கும் ஒருவர் உடம்பு, படிப்புக்கு இன்னொருவர் மூளை. ஆதிக்க சாதிப் பிள்ளை ஜெயித்தால் அது உழைப்பு, தகுதி. தலித் பிள்ளை சீட்டு வாங்கினால் அது கோட்டா. கறுப்பின வீரர் ஜெயித்தால் அது உடம்பு. உழைப்பு என்கிற சொல் சிலருக்கு மட்டுமே பட்டா போட்டுத் தரப்பட்டிருக்கிறது.

நான் படித்த பள்ளியில் நல்ல கூடைப்பந்துத் திடல் இருந்தது. எங்கள் தெருப் பையன்கள் பந்தைக் கேட்டால் பி.டி. மாஸ்டர் சொல்வார்: "ஒங்களுக்குக் கபடிதான்டா செட்டாகும்." எங்கள் உயரத்தை அவர் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. தெருப்பெயர் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கபடியைத் தாழ்த்திச் சொல்லவில்லை. எதை ஆடுவது என்பதை எங்கள் தெருப்பெயர் முடிவு செய்தது என்கிறேன்.

இதனால் மேற்கு ஆப்பிரிக்காவைச் சாதியற்ற சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செனகலின் வோலோஃப் மக்களிடையே கொல்லர், தோல் தொழிலாளர், பாணர் பிரிவுகளில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் இன்றும் மறுப்பவர்கள் உண்டு. நைஜீரியாவின் இக்போ மக்களிடம் 'ஓசு' என்னும் ஒதுக்குமுறை, 1956இல் சட்டம் தடைசெய்த பிறகும் திருமணப் பேச்சில் தலைகாட்டுகிறது. பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் நோய் அங்கும் இருக்கிறது, அதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பகுதியில் உள்ள கூடைப்பந்து வளையங்களை எண்ணுங்கள். பள்ளி, கல்லூரிச் சுவர்களுக்குள் பூட்டிக் கிடப்பவை எத்தனை? எந்தத் தெருப் பிள்ளையும் காசு கொடுக்காமல் போய் ஆடக்கூடியவை எத்தனை? சேரிகளுக்கு அருகில் எத்தனை? சிறப்புக்கூறு நிதியில் விளையாட்டுத் திடல்களுக்கு எவ்வளவு செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நெல்லித்தோப்புக்கான மனுவை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். பதில் கையில் வந்த பிறகு ஜீனைப் பற்றிப் பேசலாம்.