"காரில கிடக்கு, தேவையெண்டா போய் எடுக்கலாம்"

ஜூன் வந்தால் இந்த வசனம் என் காதில் விழத் தொடங்கிவிடும். முதல் தடவையாக இசைவிழாவுக்குக் கூடாரம் கட்டப் போகிற தம்பி, தங்கச்சிமார் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். கெட்டித்தனமாகத் திட்டம் போட்டிருக்கிறார்களாம். எனக்கு இந்த வசனத்தோடு பகை.

கிளாஸ்டன்பரியையே எடுப்போம். சாமர்செட்டில் ஒரு பால் பண்ணை. இரண்டு லட்சம் பேர் கூடுகிற இடம். கார்கள் எல்லாம் வேலிக்கு வெளியே வயல்களில் நிற்கும். கூடாரத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து வயல், வயலில் ஆயிரக்கணக்கான கார்களுக்குள் உங்கள் கார், பிறகு அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஒரு பாக்கெட் மிக்சருக்காக அரை நாள் போய்விடும். மழை பெய்தால் அதுவும் சேற்றில். ஆகவே "தேவையெண்டா போய் எடுக்கலாம்" என்றால் எடுக்கப் போவதில்லை என்றுதான் அர்த்தம்.

தூரத்தை விடுங்கள், சூடுதான் பெரிய பிரச்சினை. வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை 20 பாகை அளவு ஏறிவிடும். அதில் பெரும் பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறும். வெளியே 25 என்றால் உள்ளே 45. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தச் சூட்டில்தான் அம்மா கட்டித் தந்த எலுமிச்சம் சோறு கிடக்கிறது. சோற்றில் பசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். அவை அவித்தாலும் சாகாது. இளஞ்சூட்டில் சோறு கிடந்தால் பெருகி நஞ்சை விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இதை வைத்து அம்மாமாரைக் குறை சொல்ல வராதீர்கள். கோயில் தேருக்கு அவர்கள் டிக்கியில் கொண்டு போனது காலையில் சமைத்து மத்தியானம் சாப்பிட்ட சோறு. அதை மூன்று நாளைக்கு இழுப்பது நீங்கள்.

"கூல் பாக்ஸை காரில் சொருகி வைப்பேன்" என்று ஒருவன் சொன்னான். பொறியியல் படித்தவனாம். கணக்கைப் பார்ப்போம். பெட்டி 45 வாட், அதாவது ஏறக்குறைய 4 ஆம்பியர். கார் பேட்டரி 60 ஆம்பியர்-மணி. ஏழெட்டு மணி நேரத்தில் பாதி காலி, திங்கட்கிழமை எஞ்சின் முனகும். பேட்டரியில் இருப்பது மொத்தமே 720 வாட்-மணி. 8 கிலோ ஐஸ் உருகும்போது 740 வாட்-மணி வெப்பத்தை உறிஞ்சும். நான்கு பேர், ஆளுக்கு 2 கிலோ, பிளாஸ்டிக் போத்தலில் உறைய வைத்துக் கூடாரத்துக்கே தூக்கிப் போங்கள். உருகினால் குடிக்கலாம்.

கூடாரத்தில் களவு போகுமே என்கிறீர்கள். போகும். அதற்குத்தான் கிளாஸ்டன்பரியில் இலவசப் பாதுகாப்பறைகள் இருக்கின்றன. ஆளே இல்லாத கார் வயல் கள்ளருக்கும் தெரியும்.

ஆனால் நான் இவ்வளவு கோபமாக எழுதுவது மிக்சருக்காக இல்லை. சில வருடங்களுக்கு முன் வேறொரு விழா. எங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் கச்சான் ஒவ்வாமை. அட்ரினலின் ஊசி இரண்டும் "பத்திரமாக" காரில். கார்த் திறப்பு மச்சானின் சட்டைப் பையில். மச்சான் மேடைக்கு முன்னால் சனத்துக்குள், போனில் சார்ஜ் இல்லை. அவளுக்கு உதடு வீங்கி, குரல் அடைக்கத் தொடங்கிவிட்டது. முதலுதவிக் கூடாரம் பக்கத்தில் இருந்ததால் தப்பினாள். அந்த ஊசியை 25 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. இரண்டையும் எப்போதும் உடம்போடு வைத்திருக்கச் சொல்லித்தான் மருத்துவர்களும் கொடுக்கிறார்கள். இன்சுலினும் சூட்டில் வலு இழக்கும். எங்கள் வீடுகளில் எத்தனை பேருக்குச் சீனி வருத்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுப்புக்கான கேஸ் குப்பியும் அப்படித்தான். 50 பாகைக்கு மேல் சூடாக்காதே என்று அதன் மேலேயே இருக்கிறது. பவர் பேங்கும் வேண்டாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. குடித்துவிட்டு "போனை மட்டும் சார்ஜ் பண்ணுறன்" என்று திறப்போடு போய்க் காருக்குள் இருக்காதீர்கள். இங்கிலாந்தில் வாகனம் ஓட்டாவிட்டாலும், அளவுக்கு மேல் குடித்த நிலையில் அது உங்கள் பொறுப்பில் இருந்தாலே குற்றமாகலாம். 10 புள்ளிகள் விழும், அல்லது ஓட்டும் உரிமையே போகும். ஓட்டக்கூடிய வாய்ப்பே இருக்கவில்லை என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

சரி, காரில் எதை விடலாம்? வீட்டுக்குப் போகும்போது போட உலர்ந்த உடுப்பு, சப்பாத்து, துவாய், நான்கைந்து குப்பைப் பைகள், திரும்பும் வழிக்குத் தண்ணீர், பருத்தித்துறை வடை. வடையிலும் பாதியைக் கூடாரத்துக்கு எடுத்துப் போங்கள். சீனிச் சம்பலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் கண்ணாடிப் போத்தலோடு கிளாஸ்டன்பரிக்குள் விட மாட்டார்கள், பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். மாற்றுத் திறப்பு இருந்தால் அது இன்னொருவரிடம் இருக்கட்டும். ஞாயிறு இரவு குடிக்காமல் இருந்து திங்கள் காலை ஓட்டப் போவது யார் என்பதை வெளிக்கிட முதலே பேசி முடியுங்கள்.