எந்த வைத்தியக் கல்லூரி? பேரைப் பார்ப்பதா, பிழைப்பைப் பார்ப்பதா?

நீட் பரீட்சையின் முடிவு வெளிவந்து வைத்தியக் கல்லூரிகளில் இடம் கொடுக்கும் காலம் வந்துவிட்டால், எளாவூர்ப் பக்கத்திலும் பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்களிலும் ஒரு கேள்வி கிளம்பிவிடுகிறது. பிள்ளை பிற்காலத்தில் இருதய வைத்தியராகவோ மூளை வைத்தியராகவோ வரவேண்டுமானால் இப்போது எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதே அக்கேள்வி. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்ல முன்வருகிறவர்கள் யார்? ஒருவர், ஜாதகத்தில் செவ்வாய் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஜோசியர். மற்றொருவர், கமிஷன் எவ்வளவு என்று பார்க்கும் தரகர். மூன்றாமவர், “பெரிய காலேஜ்” என்ற பேரையே ஸ்தல புராணம்போல் ஓதுகிற படித்தவர். இம்மூவரில் மூன்றாமவரே அதிக ஆபத்தானவர் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில் அவர் சொல்வது பகுத்தறிவு போலவே தோன்றும்.

உண்மை என்னவென்று பார்ப்போம். எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருஷம். அதன்மேல் ஆஸ்பத்திரிப் பயிற்சி ஒரு வருஷம். பிறகு எம்.டி., எம்.எஸ். மூன்று வருஷம். இருதயம், மூளை போன்ற மேற்பிரிவுகளுக்கு இன்னும் மூன்று வருஷம். ஆக மொத்தம் பதினொன்றரை வருஷம். இதில் எம்.டி. இடம் கிடைப்பது முதுநிலை நீட் பரீட்சையின் மார்க்கினால். அந்தப் பரீட்சையில் “நீ எந்தக் கல்லூரியில் படித்தாய்?” என்பதற்கு ஒரு மார்க்காவது உண்டா? கிடையாது. தன்னிடம் படித்தவர்களுக்கே ஓரளவு முதலிடம் கொடுக்கும் ஸ்தாபனங்கள் சில உண்டு. 2025ஆம் வருஷம் ஜனவரி 29ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, முதுநிலைப் படிப்பில் குடியிருப்பை வைத்து இடம் ஒதுக்குவது செல்லாது என்றும், ஸ்தாபனத்தை வைத்து ஓரளவு ஒதுக்கலாம் என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. ஆகையால் அந்தந்த வருஷத்து விதிப் புத்தகத்தை வாங்கிப் படிப்பதே காரியம், பஞ்சாங்கம் புரட்டுவதல்ல.

அப்படியானால் கல்லூரிகளுக்குள் பேதமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அது பேரில் இல்லை, வார்டில் இருக்கிறது. நோயாளி எத்தனை பேர் வருகிறார்கள், மாணவன் கையால் தொட்டுப் பார்க்க விடுகிறார்களா, ஆசிரியர்கள் உண்மையில் இருக்கிறார்களா அல்லது ரிஜிஸ்தரில் மாத்திரம் இருக்கிறார்களா, மேற்பிரிவு வேலை கண்ணெதிரில் நடக்கிறதா என்பவையே பார்க்க வேண்டியவை. எளாவூரில் ரயிலேறினால் எட்டும் சென்னையில் 1835இல் பள்ளியாகத் துவங்கிய சென்னை வைத்தியக் கல்லூரி இருக்கிறது. 1819இல் ஏற்பட்ட எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி அதைச் சேர்ந்தது. ராயபுரத்துப் பக்கத்தில் 1938இல் கல்லூரியான ஸ்டான்லி இருக்கிறது. கை அறுவை வைத்தியத்துக்குப் பேர்போனது. அங்கே மூட்டை தூக்குகிறவனும் மீன் பிடிக்கிறவனும் நோயாளியாய் வருவதால்தான் மாணவன் வைத்தியம் கற்கிறான். 2022 ஜனவரி 12ந் தேதி ஒரே நாளில் திறந்த 11 சர்க்கார் கல்லூரிகளில் நம் திருவள்ளூரும் ஒன்று. அது புதிது என்பதற்காக இழிவல்ல. மார்க்கு எங்கே இடம் கொடுக்கிறதோ அங்கே சேர்ந்து, புத்தகத்தையும் வார்டையும் விடாமல் படிக்கிறவனுக்கு முதுநிலைக் கதவு திறந்தே இருக்கிறது.

நிற்க, பணத்தின் சங்கதிக்கு வருவோம். படகையும் வலையையும் விற்று, வீட்டு நகையை அடகு வைத்து, தனியார் கல்லூரிக்குக் கொட்டிக் கொடுத்தால் என்ன நேரும்? அந்தப் பிள்ளை எம்.டி. படிக்க மூன்று வருஷம் பொறுக்க முடியுமா? வட்டிக்காரன் பொறுப்பானா? படித்தாலும் தனக்குப் பிடித்த பிரிவை எடுப்பானா, சீக்கிரம் காசு தரும் பிரிவை எடுப்பானா? ஆகவே பிற்கால மேற்படிப்பை உத்தேசிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடனில்லாத இடத்தையே. சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020இல் ஏற்பட்ட 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கிறது. இதை அறியாமல் தரகன் வாசலில் நிற்பது எவ்வளவு பரிதாபம்!

இன்னொரு வழியும் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்துச் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு முதுநிலையில் தனிப் பங்கு ஒதுக்க மாகாணங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்டு 31ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. குப்பத்துப் பிள்ளை குப்பத்துக்கே வைத்தியம் செய்து, சம்பளமும் வாங்கி, அதன் மூலமே மேற்படிப்பும் படிக்கலாம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

“தகுதி கெட்டுவிடுமே” என்று ஒரு கூட்டம் கூக்குரலிடும். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறையை நம் தோழர்கள் அறிவார்கள். தலைக்கட்டுக் கணக்கில் பேர் உள்ளவன் முறைப்படி வலை கட்டுவான். பேரில்லாத இருளன் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பான். இருளனுக்கு வலை கட்டத் தெரியாது என்பதா இதற்குக் காரணம்? பிறப்பல்லவா காரணம்! படிப்பு ஏரியிலும் இதே கதைதான். சென்னை மாகாணத்து வகுப்புவாரி உத்தரவை 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிற்று. அதே வருஷம் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அகில இந்தியப் பங்கில் பிற்பட்டோருக்கு 27 சதவிகிதம் வர 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் 2023 செப்டம்பரில் முதுநிலை இடங்கள் காலியாய்க் கிடக்கின்றன என்று, தேறும் எல்லையைப் பூஜ்யம் பெர்சென்டைல் வரை இறக்கினார்களே, அப்போது தகுதி எங்கே ஒளிந்துகொண்டது? ஏழைக்கு இடம் கொடுத்தால் கெடும் தகுதி, பூஜ்யத்துக்கு இடம் கொடுத்தால் மாத்திரம் கெடாதா?

கடைசியாகப் பெண்களைப்பற்றி ஒரு வார்த்தை. “பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். போதும், மேலே படித்தால் கலியாணம் தள்ளிப் போகும்” என்று சொல்லும் பெற்றோர்கள், முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912இலேயே சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றதை நினைத்துப் பார்க்கட்டும். நூறு வருஷத்துக்குப் பின்னும் பெண்ணின் படிப்புக்குத் தாலியா எல்லை கட்டுவது?

ஆகவே தோழர்கள் ஜாதகத்தை மூடிவைத்து, விதிப் புத்தகத்தைத் திறக்க வேண்டுகிறோம். கல்லூரியின் பேரைக் கும்பிட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பாருங்கள், அங்கே படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், செலவைக் கணக்கிடுங்கள். படகை விற்காதீர்கள்.