அசரீரி சொல்லி வந்த வாக்குமூலம்

ஒருவர் தானாகவே போலீசாரிடம் வருகிறார். 'நான் கொலை செய்தேன்' என்கிறார். யாரும் அவரை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அதைக் கோர்ட்டு ஏற்கலாமா?

அமெரிக்காவில் டென்வர் நகரில் 1983-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இப்படி நடந்தது. அவர் பெயர் கோனலி. பாஸ்டன் நகரில் இருந்து விமானம் ஏறி வந்திருந்தார். குடிக்கவில்லை என்றார். மனநோய் ஆஸ்பத்திரிகளில் இருந்தவன் என்பதையும் அவரே சொன்னார்.

மறுநாள்தான் விஷயம் வெளிவரத் தொடங்கியது. கடவுளின் குரல் அவர் காதில் கேட்டதாம். பாங்கியில் பணம் எடுத்து, டென்வருக்குப் போகச் சொன்னதாம். அங்கே குற்றத்தை ஒப்புக்கொள், அல்லது உயிரை விட்டுவிடு என்றதாம்!

மாநில கோர்ட்டுகள் அந்த வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டன. ஆனால் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1986 டிசம்பர் 10-ந் தேதி அதை மாற்றியது. போலீசார் பலவந்தம் செய்யவில்லை, ஆகவே அரசியல் சட்டப்படி தடை இல்லை என்று தீர்ப்பு கூறியது.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. போலீசார் அடித்து வாங்கினால் தப்பு; நோய் அடித்து வாங்கினால் சரியா?

இதே காரியம் தர்மபுரி பஸ் நிலையத்தில் நடந்தால்? போலீசாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், அது நம் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. 1872-ம் ஆண்டு சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் உண்டு. (அதைக்கொண்டு கத்தியோ நகையோ கண்டெடுத்தால் மட்டும், அந்த அளவுக்குச் செல்லும்.)

மாஜிஸ்திரேட்டிடம் சொன்னால் செல்லும். 'ஒப்புக்கொள்ளக் கட்டாயம் இல்லை' என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். யோசிக்க 24 மணி நேரமாவது கொடுப்பது நியாயம் என்று நம் சுப்ரீம் கோர்ட்டு 1957-ல் கூறியது. போலீஸ் பயம் தெளிய அது போதலாம். காதில் கேட்கும் குரல் ஒரே நாளில் நின்றுவிடுமா?

எதிர்வழக்காடும் அளவுக்குப் புத்தி தெளிவு இல்லை என்று விசாரணையில் தோன்றினால், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சந்தேகம் இருந்தால், வாக்குமூலம் எழுதும் முன்பே அதைச் செய்ய வேண்டும். தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது. தர்மபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் கல்யாணம் தடைபடும் என்று பயந்து, மனநோய்க்கு வைத்தியம் பார்த்த சீட்டைக் கிழித்துப் போடுகிறவர்கள் நம் ஊர்களில் பலர். கிழிக்காதீர்கள். பத்து வருஷத்துச் சீட்டானாலும் வக்கீலிடம் கொடுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? தர்மபுரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம்.