விதைச் சட்டம் பேசும் சபையில் விவசாயிக்கு இடம் எங்கே?

கிராமக் கூட்டங்களில் விவசாய அன்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கம்பெனி ரகத்தில் விதை எடுத்து மறுபோகம் விதைத்தால் குற்றமா?" குற்றமில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39-ஆம் பிரிவில், விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் நமக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகம் என்று சீட்டு ஒட்டிப் பொட்டலமாக விற்கத்தான் தடை. (வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை தாய்ப்பயிர் போல விளையாது என்பது வேறு விஷயம்.)

இந்த உரிமை தானாக வந்ததல்ல. 1999-இல் வந்த மசோதாவில் உழவர் உரிமை சிறு இடமே பெற்றிருந்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு விவசாயிகளின் தரப்பையும் கேட்ட பிறகே அது தனி அத்தியாயமாக விரிந்தது.

கம்பெனிகளின் சங்கங்கள் அரசிடம் பேசுவதில் தவறில்லை. ஆனால் அவை யாருக்காகப் பேசுகின்றன என்பதை நாம் அறிய வேண்டும். 2016-இல் மத்திய அரசு, 450 கிராம் பி.டி. பருத்திப் பொட்டலத்தின் மீதான ராயல்டியை ரூ.163 அளவிலிருந்து ரூ.49 ஆகக் குறைத்தது. ராயல்டி கட்டிவந்த உள்நாட்டுக் கம்பெனிகளின் சங்கம் வரவேற்றது. தொழில்நுட்பம் வைத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள். 2020-இல் ராயல்டி அடியோடு நீங்கியது. இரு தரப்பும் விவசாயியின் நலன் என்றே பேசின. இரண்டிலும் பேசியவர் விவசாயி அல்ல.

விஞ்ஞானிகளின் சங்கங்களும் அப்படித்தான்; என்னையும் சேர்த்தே சொல்கிறேன். ஆராய்ச்சிக்கு ஊக்கம் வேண்டும் என்று நாங்கள் வாதாடுவது நியாயமே. ஆனால் மறுபோக விதைக்குக் காசில்லாமல் நிற்பவரின் கவலை எங்கள் தீர்மானங்களில் அபூர்வமாகவே இடம்பெறுகிறது.

2025 நவம்பரில் மத்திய அரசு புதிய விதை மசோதாவின் நகலை வெளியிட்டது. கருத்துக் கூறக் கெடு டிசம்பர் 11 ஆக இருந்தது. ஒரு மாதம்கூட இருக்கவில்லை. கம்பெனிகளுக்கு நகலைப் படித்துப் பதில் எழுத வக்கீல்கள் உண்டு. நமக்கு?

ஆகவே, உழவர் மன்றங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஆளுக்கொருவரை இதற்கென ஒதுக்கி, இனி வரும் நகல்களைத் தமிழில் கேட்டு வாங்கி, கூடிப் பேசி, கெடுவுக்குள் எழுத வேண்டும். பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்தில் உழவர் அமைப்புக்கென ஓர் இடத்தைச் சட்டமே ஒதுக்கியிருக்கிறது. அங்கே அமர்பவரிடம் நம் குறைகளைச் சேர்ப்பிப்பதும் நம் கடமை. உங்கள் பாரம்பரிய ரகத்தை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யலாம். பக்கத்து வேளாண்மை அறிவியல் நிலையத்தில் வழி கேளுங்கள்.

கேட்டதால் 2001-இல் கிடைத்தது. இனியும் கேட்டால்தான் நிலைக்கும்.